தாய் நாய் எங்கே என்று கேளுங்கள்

"அக்கா, உங்களுக்குத்தான் நாய் வளர்க்கிறவங்க நிறைய பேரைத் தெரியுமே, நல்ல பிரீடரா ஒருத்தர் நம்பர் குடுங்களேன். பாப்பாவுக்குப் பிறந்தநாள் வருது. லேப் குட்டிதான் வேணும்னு ஒத்தைக் கால்ல நிக்கிறா."

இப்படி ஒரு போன் வராத மாதம் கிடையாது எனக்கு. முழுப் பரீட்சை முடிந்து லீவு விட்டால் இன்னும் அதிகம். கேட்கிறவர்கள் யாரும் ஈவிரக்கம் இல்லாதவர்கள் அல்ல. தெருவில் ஒரு நாய் அடிபட்டுக் கிடந்தால் ஆட்டோ பிடித்து வேப்பேரி கால்நடை மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓடுகிறவர்கள்தான். ஆணா பெண்ணா, என்ன நிறம், என்ன விலை, பேப்பர் உண்டா, எப்போது கைக்குக் கிடைக்கும் என்று எல்லாவற்றையும் விசாரிக்கிறார்கள். அந்தக் குட்டியை ஈன்ற நாய் எங்கே இருக்கிறது, எப்படி இருக்கிறது என்று ஒருவர்கூடக் கேட்பதில்லை. எத்தனையோ பேரிடம் சொல்லிச் சொல்லி என் தொண்டைத் தண்ணீர் வற்றிப்போன விஷயம் இது.

அந்தத் தாய் எப்படி இருக்கும் என்று நான் சொல்கிறேன். எங்கள் பகுதி ஏரிக்கரையில் ஒரு பெண் லேப்ரடாரை யாரோ ராத்திரியோடு ராத்திரியாக இறக்கிவிட்டுப் போயிருந்தார்கள். குட்டிகளுக்குப் பால் கொடுத்துக் கொடுத்து மடி தரையைத் தொடுமளவுக்குத் தொங்கியிருந்தது. கம்பி வலை மேலேயே நின்று நின்று கால்விரல்கள் அகன்று, இடுக்குகளில் எல்லாம் புண். நடந்து தேயாத நகங்கள் உள்பக்கமாக வளைந்திருந்தன. முன்பற்கள் பாதிக்குமேல் தேய்ந்திருந்தன. கூண்டுக் கம்பியைக் கடித்துக்கொண்டே இருந்த நாய்க்கு இப்படித்தான் தேயும் என்று டாக்டர் சொன்னார். வயிற்றில் ஆபரேஷன் தழும்பு, ஒன்றின் மேல் ஒன்றாக. கர்ப்பப்பையில் சீழ். வயது அஞ்சு, ஆறுதான் இருக்கும் என்றார். பார்த்தால் பத்து வயதுக் கிழம் போல் தெரிந்தது.

என்னை நிலைகுலைய வைத்தது அந்தப் புண்கள் அல்ல. அதைப் புல்தரையில் விட்டபோது அதற்குக் கால் ஊன்றத் தெரியவில்லை. ஒரு காலைத் தூக்கி, முகர்ந்து பார்த்து, மறுபடி சிமெண்ட் பாதைக்கே வந்து நின்றுகொண்டது. கதவைத் திறந்து வைத்தால் வெளியே வராது. மூலைக்குப் போய்ச் சுவரைப் பார்த்துத் திரும்பி நிற்கும். ஒரு நாயின் வாழ்க்கையில் இருக்க வேண்டிய எதுவுமே அதற்குக் கிடைத்ததில்லை. ஆறு மாதத்துக்கு ஒரு முறை ஹீட், கிராஸ், அறுபத்து மூன்று நாள் சினை, பிரசவம், ஒரு மாதம் பால், பிறகு குட்டிகளைப் பிடுங்கிக்கொள்வது, மறுபடி ஹீட். ஒரு ஹீட்டைக்கூட விடக் கூடாது என்பது அந்தத் தொழிலின் கணக்கு. ஒரு ஈற்றுக்கு ஆறேழு குட்டி என்றால் எத்தனை ஆயிரம் என்று நீங்களே போட்டுப் பாருங்கள். சினை பிடிக்காமல் போன அன்றைக்குக் கறிவேப்பிலையாகத் தூக்கி எறிந்துவிட்டார்கள்.

அதன் குட்டிகள் இப்போது எங்கெங்கேயோ நல்ல வீடுகளில் இருக்கும். சோபாவில் படுத்துக்கொண்டு, பிறந்தநாளுக்குத் தொப்பி மாட்டிக்கொண்டு. அந்த வீட்டுக்காரர்களுக்கு இந்த நாயைப் பற்றி ஒன்றுமே தெரியாது. தெரிந்திருந்தால் வாங்கியிருக்க மாட்டார்கள் என்றுதான் நான் நம்புகிறேன். அந்த நம்பிக்கையில்தான் இதை எழுதிக்கொண்டிருக்கிறேன்.

குட்டியை முப்பது, முப்பத்தைந்து நாளில் விற்கிறார்களே, ஏன் என்று யாராவது யோசித்ததுண்டா? அந்த வயதில்தான் கொழுகொழுவென்று, பார்த்தவுடன் வாரி எடுக்கிற மாதிரி இருக்கும். அது ஒன்று. ஆறாவது வாரத்திலிருந்து தடுப்பூசி ஆரம்பிக்க வேண்டும், அந்தச் செலவு விற்பவருக்கு மிச்சம். தாய்ப்பாலை விட்டுத் தனித் தீனி போட வேண்டிய காலம் வந்துவிடும், அதுவும் மிச்சம். குட்டிக்கு என்ன நஷ்டம்? தாயிடமும் கூடப் பிறந்த குட்டிகளிடமும் விளையாடிக் கடிபட்டுத்தான் எவ்வளவு அழுத்திக் கடிக்கலாம், எப்போது விட வேண்டும் என்பதையே ஒரு நாய் கற்றுக்கொள்கிறது. அந்த வாரங்களைத் திருடிவிட்டு, ஆறு மாதம் கழித்து "கடிக்குது மேடம், சமாளிக்க முடியல, எங்கயாவது விட்டுடலாமா" என்று எனக்கே போன் வருகிறது.

குட்டிகளைத் தாக்குகிற பார்வோ வைரஸ் கதை இதைவிடக் கொடுமை. எந்த நாய் டாக்டர் கிளினிக்கிலும் சாயந்திர நேரம் போய் உட்கார்ந்து பாருங்கள். மேசை மேல் கைக்கடக்கமாக ஒரு குட்டி, முன்னங்காலில் டிரிப்ஸ் ஊசி, பின்னால் விரித்த பேப்பர் முழுக்க ரத்தமாகப் பேதி. அந்த நாற்றத்தை ஒருமுறை முகர்ந்தவர்கள் மறக்க மாட்டார்கள். பக்கத்தில் ஸ்கூல் யூனிபார்மோடு ஒரு குழந்தை அழுதுகொண்டிருக்கும். அப்பா போனில் விற்றவரிடம் கத்திக்கொண்டிருப்பார். மறுமுனையில் பதில் எப்போதும் ஒன்றுதான்: "நாங்க குடுக்கும்போது நல்லா விளையாடிட்டுத்தானே சார் இருந்துச்சு." விளையாடிக்கொண்டுதான் இருந்திருக்கும். பார்வோ உடம்புக்குள் போய் மூன்று நாளிலிருந்து ஒரு வாரம் வரைக்கும் வெளியே தெரியாது. தொற்றோடு விற்றார்கள், வீட்டுக்கு வந்த பிறகு வெடித்தது. குட்டி செத்துப்போனால் விற்றவர் தாராளமாகச் சொல்வார்: "விடுங்க சார், வேற குட்டி தர்றேன்." இவர்களும் குழந்தையின் அழுகை தாங்காமல் வாங்கி வருகிறார்கள். அந்த வைரஸ் வீட்டுத் தரையில், விரிப்பில் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். சரியாகச் சுத்தம் செய்யாத வீட்டுக்குள் தடுப்பூசி போடாத இரண்டாவது குட்டியும் வந்து விழுகிறது. அங்கே கூண்டில் இருக்கிற தாய்க்கு இன்னொரு ஈற்று.

"இதுக்கெல்லாம் சட்டம் கிடையாதா?" என்று கேட்பார்கள். இருக்கிறது. நம் ஊர் சம்பந்தப்பட்ட சட்டமும்கூட. கலாக்ஷேத்ராவின் ருக்மிணி தேவி அருண்டேல் 1953-ல் மாநிலங்களவையில் தனிநபர் மசோதாவாகக் கொண்டுவந்து போராடியதன் தொடர்ச்சியாகத்தான் 1960-ல் விலங்கு வதைத் தடுப்புச் சட்டமே வந்தது. 1962-ல் விலங்குகள் நல வாரியம் அமைந்தபோது அதன் முதல் தலைவர் அவர்தான். பல பத்தாண்டுகள் அந்த வாரியத்தின் தலைமையகம் சென்னையிலேயே இருந்தது. ஆனால் அந்தச் சட்டத்தின் 11-வது பிரிவில் முதல் முறை கொடுமை செய்தவருக்கு அபராதம் என்ன தெரியுமா? பத்து ரூபாயிலிருந்து ஐம்பது ரூபாய் வரை. பல பத்தாண்டுகளுக்கு முன்பு போட்ட தொகை. ஒரு குட்டியைப் பத்தாயிரத்துக்கு விற்கிறவருக்கு ஐம்பது ரூபாய்! இந்தத் தண்டனையைக் கூட்டுங்கள் என்று 2014-ல் ஜல்லிக்கட்டு வழக்கின் தீர்ப்பிலேயே உச்ச நீதிமன்றம் சொன்னது. 2022-ல் மத்திய அரசு ஒரு திருத்த வரைவை வெளியிட்டுப் பொதுமக்களிடம் கருத்துக் கேட்டது. அந்த வரைவு சட்டமாகி வந்ததாக நாம் பார்க்கவில்லை. ஓட்டுக் கேட்டு வருகிற எத்தனை பேரிடம் நாம் இதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டிருக்கிறோம்?

அபராதம்தான் அப்படி. ஆனால் 2017-ல் வந்த நாய் இனப்பெருக்கம் மற்றும் விற்பனை விதிகள் தெளிவாக இருக்கின்றன. நாயை இனப்பெருக்கம் செய்து விற்கிற யாராக இருந்தாலும் மாநில விலங்குகள் நல வாரியத்தில் பதிவு செய்ய வேண்டும். இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை புதுப்பிக்க வேண்டும். சான்றிதழை எல்லாருக்கும் தெரிகிற இடத்தில் மாட்டி வைக்க வேண்டும். ஒன்றரை வயது ஆகாத பெண் நாயை இணை சேர்க்கக் கூடாது. வருஷத்தில் ஒரு ஈற்றுக்கு மேல் கூடாது. வாழ்நாளில் ஐந்துக்கு மேல் கூடாது. எட்டு வயதுக்குப் பிறகு கூடவே கூடாது. எட்டு வாரம் ஆகாத குட்டியை விற்கக் கூடாது. மைக்ரோசிப் இருக்க வேண்டும், ரசீது தர வேண்டும், குட்டிகளைப் பொது இடத்தில் பரப்பி வைத்து விற்கக் கூடாது. இதையெல்லாம் படித்துவிட்டு, நமக்கு வாட்ஸ்அப்பில் வருகிற "35 டேஸ் லேப் பப்பி, அர்ஜென்ட் சேல்" விளம்பரத்தைப் பாருங்கள். விதியை மீறுகிறேன் என்று விளம்பரத்திலேயே எழுதி, போன் நம்பரும் கொடுத்திருக்கிறார்கள். நாம் அதை ஹார்ட் போட்டு நாலு குரூப்புக்கு அனுப்புகிறோம்.

"பேப்பர் இருக்கு மேடம், கே.சி.ஐ. பேப்பர்" என்று சொன்னால் எல்லாம் சரியாகிவிட்டதாக ஒரு எண்ணம் இருக்கிறது. அந்தப் பேப்பர் கென்னல் கிளப் ஆஃப் இந்தியா தருகிற வம்சாவளிச் சீட்டு. இன்ன தகப்பன், இன்ன தாய், இன்ன பாட்டன் என்று சொல்லும். அந்தத் தாய் மாடியில் இரும்புக் கூண்டுக்குள் கிடக்கிறதா, வீட்டுக்குள் நடமாடுகிறதா என்று அது சொல்லாது. கேட்க வேண்டியது வாரியத்தின் பதிவுச் சான்றிதழ். அதைக் கேட்டவுடன் எதிர்முனையில் குரல் மாறுவதைக் கவனியுங்கள்.

தாயை நேரில் பார்க்க வேண்டும் என்று சொல்லுங்கள். பகல் வெளிச்சத்தில், அது வாழ்கிற இடத்தில். "நீங்க எதுக்கு மேடம் அவ்ளோ தூரம், நானே பஸ் ஸ்டாண்டுக்குக் கொண்டாந்து தர்றேன்" என்பார்கள். "ஆம்னி பஸ்ல ஏத்தி விட்டுடறேன், காலையில கலெக்ட் பண்ணிக்குங்க" என்பார்கள். "தாய் ஊர்ல இருக்கு", "தாயை நண்பர் வீட்டுக்கு அனுப்பிட்டோம்" என்பார்கள். இதில் எந்தப் பதில் வந்தாலும் அந்த வியாபாரம் அங்கேயே முடிந்தது என்று போனை வைத்துவிட வேண்டும். தாயைக் காட்டினாலும் கண்ணைத் திறந்து பாருங்கள். அது குட்டிகளை நக்குகிறதா, நகங்கள் எப்படி இருக்கின்றன, உங்களைப் பார்த்து வாலை ஆட்டுகிறதா, ஒடுங்குகிறதா. சில இடங்களில் மடியில் பாலே இல்லாத வேறொரு நல்ல நாயைக் கொண்டுவந்து நிறுத்துவார்கள். குட்டி அதனிடம் போகாது. அதுவும் குட்டியைச் சீண்டாது.

இந்த ஒரு கேள்விக்கு எவ்வளவு பலம் என்பதற்கு இங்கிலாந்தில் உதாரணம் இருக்கிறது. வேல்ஸில் ஒரு குட்டிப் பண்ணையிலிருந்து 2013-ல் மீட்கப்பட்ட லூசி என்ற சின்ன ஸ்பானியல் நாயின் பெயரால் அங்கே ஒரு இயக்கம் நடந்தது. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் கையெழுத்துப் போட்டார்கள். 2020 ஏப்ரலிலிருந்து இங்கிலாந்தில் ஆறு மாதத்துக்குட்பட்ட குட்டியை இடைத்தரகரோ கடைக்காரரோ விற்க முடியாது. குட்டியை அது பிறந்த இடத்தில், தாயோடு சேர்த்துக் காட்டித்தான் விற்க வேண்டும். கையெழுத்துப் போட்டவர்கள் உங்களையும் என்னையும் போன்ற சாதாரண மக்கள்தான்.

இங்கே இன்னொன்று அடிக்கடி நடக்கிறது. சந்தைக்கோ கடைக்கோ போகிறார்கள். வெயிலில் காய்கறிக் கூடைக்குள் திணித்து வைத்த குட்டிகளில் ஒன்று கண்ணில் பூளையோடு சுருண்டு கிடக்கிறது. மனசு தாங்காமல் "பாவம், நாமாவது காப்பாத்துவோம்" என்று பேரம் பேசி வாங்கி வருகிறார்கள். அந்த இரக்கத்தை நான் குறை சொல்லவில்லை. ஆனால் விற்கிறவருக்கு உங்கள் இரக்கமும் காசு, ஆசையும் காசு. செத்துப்போக வேண்டிய குட்டிக்குக்கூட ஆள் கிடைக்கிறது என்றால் அடுத்த வாரம் அதே கூடை நிறைந்திருக்கும். அப்போது செய்ய வேண்டியது: படம் எடுங்கள், இடம், தேதி, நேரம் குறித்துக்கொள்ளுங்கள், புகார் செய்யுங்கள். வாங்காமல் திரும்பி வருவது கஷ்டம்தான். அன்றைக்கு ராத்திரி தூக்கம் வராது. ஆனாலும் வாங்காதீர்கள்.

கூண்டு வைத்துத் தொழில் செய்கிறவர்களை மட்டும் திட்டிவிட்டுப் போக எனக்கு மனசு வரவில்லை. ஏனென்றால் விற்பனைக்கு வருகிற குட்டிகளில் ஏகப்பட்டவை நம்மைப் போன்ற நடுத்தரக் குடும்பங்களின் வீட்டிலிருந்து வருகின்றன. "ஒரு தடவையாவது குட்டி போட்டாத்தான் பொட்டை நாய்க்கு உடம்புக்கு நல்லதாம்." யார் சொன்னது? எந்த டாக்டர் சொன்னார்? உண்மை இதற்கு நேர்மாறானது. கருத்தடை செய்யாத பெண் நாய்க்கு வயதாக ஆகக் கர்ப்பப்பையில் சீழ் பிடிக்கிற ஆபத்து உண்டு, மடியில் கட்டி வருகிற ஆபத்து உண்டு. கருத்தடை செய்தால் முதலாவது அநேகமாக இல்லை, இரண்டாவது குறைகிறது. ஆனால் வீட்டுக்கு வீடு அந்தப் பழைய பேச்சே சட்டமாக நிற்கிறது. அப்புறம் ஆண் நாய் வைத்திருக்கிற ஒருவரைத் தேடிப் பிடிப்பார்கள். கூலியாக "எங்களுக்கு ஒரு குட்டி குடுத்துடணும்" என்று ஒப்பந்தம். எட்டுக் குட்டி பிறக்கும். இரண்டை உறவுக்காரர்களுக்குக் கொடுப்பார்கள், இரண்டை விற்பார்கள். கூலிக் குட்டி போக மிச்சம் மூன்று? "யாராவது இருந்தா சொல்லுங்கக்கா, சும்மாவே தர்றோம்." அந்தச் "சும்மா" போகிற பெண் குட்டிகளில் ஒன்றைத்தான் அன்பாகப் பேசுகிற ஒரு ஆள் வந்து வாங்கிக்கொண்டு போவார். அவர் மாடியில் ஏற்கெனவே ஐந்து கூண்டு இருக்கும். அந்த ஏரிக்கரை லேப்ரடாரும் ஒரு காலத்தில் இப்படி ஒரு நல்ல வீட்டில் பிறந்து, கைமாறிக் கைமாறிக் கூண்டுக்குப் போனதாகக்கூட இருக்கலாம். உங்கள் நாய்க்குக் கருத்தடை செய்துவிடுங்கள். இந்தச் சங்கிலியில் உங்கள் கையில் இருக்கிற கண்ணி அது. அதை அறுக்க எந்த அதிகாரியின் அனுமதியும் வேண்டாம்.

எந்த இனம் எப்போது மோஸ்தர் ஆகிறது என்பதும் நம் கையில்தான் இருக்கிறது. 2003-ல் ஹட்ச் விளம்பரத்தில் ஒரு சின்னப் பையன் பின்னால் ஒரு பக் நாய் நடந்து போனது. அதற்குப் பிறகு பார்த்த இடமெல்லாம் பக். நாய்க்கு நம்மைப் போல உடம்பெல்லாம் வியர்க்காது. மூச்சிரைத்துத்தான் சூட்டை வெளியேற்றும். மூக்கே இல்லாத அளவுக்கு முகத்தைத் தட்டையாக்கிப் பெருக்கிய நாய் சென்னை அக்னி நட்சத்திரத்தில் எப்படி மூச்சிரைக்கும்? தூங்கும்போது அது விடுகிற குறட்டையை "க்யூட்" என்று வீடியோ எடுக்கிறார்கள். அது மூச்சுக்குத் திணறுகிற சத்தம். பிறகு சைபீரியன் ஹஸ்கி. பனிப் பிரதேசத்துக்காக இரட்டை ரோமத்தோடு வந்த நாயை இரண்டு பெட்ரூம் பிளாட்டில் ஏசி போட்டு வளர்க்கிறார்கள், கரண்ட் பில் பார்த்ததும் பால்கனிக்கு மாற்றுகிறார்கள். 2024-ல் தமிழ்நாடு அரசு ஒரு நாய் இனப்பெருக்கக் கொள்கையை வெளியிட்டு, பக், ஹஸ்கி, செயின்ட் பெர்னார்ட் உள்ளிட்ட சில இனங்களை நம் தட்பவெப்பத்துக்கு ஒவ்வாதவை என்று பட்டியல் போட்டபோது எதிர்ப்பு பலமாகக் கிளம்பியது. அந்தக் கொள்கையில் குறைகள் இருக்கலாம். ஆனால் வெயிலில் நாக்கைத் தொங்கப்போட்டுக்கொண்டு கிடக்கிற ஹஸ்கியைப் பார்த்த பிறகும் அதை இங்கே பெருக்கித்தான் ஆக வேண்டும் என்று வாதாட எப்படி மனசு வருகிறது என்று எனக்கு விளங்கவில்லை.

'777 சார்லி' படம் 2022-ல் வந்தது. கொடுமைக்கார பிரீடரிடமிருந்து தப்பி வந்த ஒரு லேப்ரடாரின் கதை. நெருங்கிய ரத்தத்துக்குள்ளேயே இணை சேர்த்ததால் அதற்கு வந்த வியாதியும்தான் கதை. தியேட்டரில் அழாதவர்கள் இல்லை. அழுதுவிட்டு வந்து என்னிடம், "சார்லி மாதிரியே ஒரு லேப் கிடைக்குமாக்கா?" என்று கேட்டார்கள். இதற்கு நான் என்ன பதில் சொல்வது?

நாட்டு இனம் என்றால் பாவம் ஒட்டாது என்றும் நினைக்க வேண்டாம். 2020-ல் பிரதமர் வானொலியில் ராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி, கோம்பை என்று பெயர் சொல்லிப் பேசினார். நமக்கெல்லாம் பெருமையாகத்தான் இருந்தது. ஆனால் கிராக்கி கூடினால் ராஜபாளையத்துக்கும் அதே கூண்டுதான், அதே நெருங்கிய உறவில் இணை சேர்ப்புதான். முழு வெள்ளை ராஜபாளையத்தில் காது கேளாமல் பிறக்கிற குட்டிகள் உண்டு என்பது அதை வளர்க்கிறவர்களுக்குத் தெரியும். அந்தக் குட்டிகள் என்ன ஆகின்றன என்று மட்டும் யாரும் பேச மாட்டார்கள்.

புகார் செய்யுங்கள் என்றால், "நமக்கேன் வம்பு" என்கிறார்கள். பக்கத்து மாடியில் பத்து நாய் கூண்டில் இருப்பது தெருவுக்கே தெரியும். நாற்றம் வருகிறது என்று சண்டை போடுவார்கள், ராத்திரியெல்லாம் குரைக்கிறது என்று சண்டை போடுவார்கள். ஏன் குரைக்கிறது என்று எட்டிப் பார்க்க மாட்டார்கள். சுவர் ஏறிக் குதித்துப் போராடச் சொல்லவில்லை. உங்கள் மொட்டை மாடியிலிருந்து தெரிவதைப் படம் எடுங்கள். தேதி போட்டு, முகவரி போட்டு, எத்தனை நாய், என்ன நிலைமை என்று எழுதி மாநில விலங்குகள் நல வாரியத்துக்கும் உள்ளூர்க் காவல் நிலையத்துக்கும் அனுப்புங்கள். மாவட்டந்தோறும் விலங்கு வதைத் தடுப்புச் சங்கம் இருக்க வேண்டும் என்று 2001 விதிகள் சொல்கின்றன. உங்கள் மாவட்டத்தில் அது செயல்படுகிறதா என்று ஆட்சியர் அலுவலகத்தில் எழுதிக் கேளுங்கள். வாய்வார்த்தையாகச் சொன்னால் காற்றோடு போய்விடும். எழுத்தில் கொடுத்து, கொடுத்ததற்கு அத்தாட்சி வாங்கிக்கொள்ளுங்கள். விற்பனை விளம்பரங்களை அழிவதற்குள் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொண்டால் அதுவே சாட்சி.

அதிகாரிகள் பக்கமும் ஒரு நியாயமான கஷ்டம் இருக்கிறது. ஒரு மாடியிலிருந்து இருபது நாயைப் பறிமுதல் செய்தால் அன்று ராத்திரி எங்கே வைப்பது? ப்ளூ கிராஸ் போன்ற காப்பகங்கள் ஏற்கெனவே பிதுங்கி வழிகின்றன. வேறு வழி இல்லாமல், "கூண்டைப் பெரிசாக்கு" என்று எச்சரித்துவிட்டு நாய்களை அதே ஆளிடம் விட்டுவிட்டுப் போகிறார்கள். அதனால், வாங்கவும் மாட்டேன், தத்தெடுக்கவும் சூழ்நிலை இல்லை என்கிறவர்களுக்கும் செய்வதற்கு ஒன்று இருக்கிறது. மீட்ட நாயை ஒரு மாதம் மட்டும் வீட்டில் வைத்திருந்து கொடுங்கள். ஃபாஸ்டர் என்று சொல்வார்கள். ஒரு மூலை, ஒரு பழைய போர்வை, இரண்டு வேளைச் சோறு, மருந்து கொடுக்க ஒரு ஆள். பத்து வீடுகள் அப்படித் தயாராக இருக்கின்றன என்று பெயர்ப்பட்டியல் கையில் இருந்தால் காவல் நிலையத்தில் போய்ப் பேசுகிற தெம்பே வேறு. அந்த ஏரிக்கரை நாயை அப்படி ஒரு ரிட்டயர்டு டீச்சர்தான் வைத்துக்கொண்டார். ஒரு மாதத்துக்கு என்றுதான் கூட்டிப் போனார். இப்போது திருப்பிக் கேட்டால் என்னை அடிக்க வருவார்.

அடுக்குமாடிச் சங்கங்களிடமும் எனக்கு ஒரு வழக்கு இருக்கிறது. லிஃப்டில் ரிட்ரீவர் வந்தால் தலையைத் தடவுகிறார்கள். காப்பகத்திலிருந்து ஒரு நாட்டு நாய்க் குட்டியைத் தத்தெடுத்து வந்தால், "தெரு நாயையெல்லாம் உள்ள கொண்டாராதீங்க" என்று நோட்டீஸ் ஒட்டுகிறார்கள். வளர்ப்பு நாய்க்குத் தடை போட எந்தச் சங்கத்துக்கும் அதிகாரம் இல்லை என்று இந்திய விலங்குகள் நல வாரியம் 2015-லேயே சுற்றறிக்கை கொடுத்துவிட்டது. தடுப்பூசி போட்டு, கருத்தடை செய்து, சங்கிலியில் பிடித்துக்கொண்டு போகிற நாய் எந்த ஜாதியாக இருந்தால் உங்களுக்கு என்ன? 2025 ஆகஸ்டில் தெருநாய் வழக்கு உச்ச நீதிமன்றத்தில் பரபரப்பானபோது எல்லாரும் தெருநாய் பற்றிப் பேசினார்கள். வாங்கிச் சலித்துப்போய்த் தெருவில் விட்ட லேப்களைப் பற்றி, ஜெர்மன் ஷெப்பர்டுகளைப் பற்றி எத்தனை பேர் பேசினார்கள்? நம் தட்பவெப்பத்துக்கு வாகான, புத்தியுள்ள நாட்டு நாய்க் குட்டிகள் ஒவ்வொரு காப்பகத்திலும் காத்துக்கொண்டிருக்கின்றன. லேப்தான் வேண்டும் என்று அடம்பிடிக்கிற குழந்தைக்குக்கூட, யாரோ கைவிட்ட வயதுவந்த லேப் அங்கே இருக்கிறது. சாக்ஸைக் கடிக்கிற வயதையும் தாண்டியிருக்கும்.

எங்கள் குடியிருப்பு வாட்ஸ்அப் குழுவில் நேற்று மறுபடியும் ஒரு விளம்பரம் வந்தது. லேப் குட்டிகள், 32 நாள், ஆண் இத்தனை, பெண் இத்தனை. கீழே வரிசையாக ஹார்ட். நான் எழுதினேன்: "தாய் நாயை எங்கே வந்து பார்க்கலாம்? வாரியப் பதிவு எண் என்ன? எட்டு வாரம் ஆகாத குட்டியை விற்பது 2017 விதிப்படி தவறு." இரண்டு பேர், குழுவில் சண்டை வேண்டாம் என்றார்கள். விளம்பரம் போட்டவர் பதிலே சொல்லாமல் அதை அழித்துவிட்டார். அதற்குள் ஸ்கிரீன்ஷாட் எடுத்தாகிவிட்டது. பி பிளாக்கிலிருந்து ஒரு தம்பி போன் செய்தான். அந்த ஆளின் மாடி அவன் பால்கனியிலிருந்து தெரிகிறதாம். ஏழு கூண்டுகளை எண்ணியிருக்கிறான். நாளைக்குக் காலையில் அவன் படம் எடுத்து அனுப்புகிறான், நான் புகாரை எழுதுகிறேன், டீச்சர் கையெழுத்துப் போடுகிறார். ஃபாஸ்டருக்கு இதுவரை மூன்று வீடுகள் சரி என்றிருக்கின்றன. இன்னும் நான்கு வேண்டும்.